ஏழாவது மட்டை

சின்னனைப் பத்தி ரோஸ் பெல் ஊர்ல யாரைக் கேட்டாலும் ரெண்டே வார்த்தைதான் சொல்லுவாங்க. "க்ளப்புல மட்டை கட்டுறவன்" ஒண்ணு. "சாமி குத்தக்காரன்" ரெண்டு. சொல்லிட்டு வாயை மூடிக்குவாங்க. எனக்கு அந்த வாயை மூடுற வித்தை மட்டும் வரவே இல்லை. அதனாலதான் இந்தக் கதையில எனக்கும் ஒரு பங்கு இருக்கு.

நான் அலமேலு. காரைக்கால்ல பொறந்து, முப்பத்தஞ்சாம் வருஷம் பதினேழு வயசுல தாலி கட்டிக்கிட்டு, கப்பலேறி மொரீஷியஸ் வந்தவ. எங்க வீட்டுக்காரருக்கு ரோஸ் பெல் ஸ்டேஷன் தெருவுல ஜவுளிக் கடை. வந்து இறங்கின அன்னைக்கே எனக்கு அழுகை. நம்ம சனம்தான்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தாங்க. நெத்தியில விபூதி இருக்கு, கழுத்துல தாலி இருக்கு, வாயைத் திறந்தா கிரியோல் பாஷை! கோயில்ல கண்ணை மூடிக்கிட்டுத் தேவாரம் பாடுறவங்க வெளியே வந்ததும் "கி மான்யேர்?"னு குசலம் விசாரிக்கிறாங்க. தமிழ்ல மனசாரச் சண்டை போடக் கூட ஆளில்லாம ஒரு வருஷம் தவிச்சுப் போனேன்.

அப்போதான் சின்னன் கடைக்கு வந்தான். இருபது, இருபத்தோரு வயசு இருக்கும். ஒல்லி. விரல் நுனியெல்லாம் கீறல். என்னைப் பார்த்து ரொம்ப மரியாதையா, "அக்கா, ஒரு கஜம் துணி தந்தருள்வீர்"னான். நான் சிரிச்ச சிரிப்புல எங்க வீட்டுக்காரர் உள்ளே இருந்து ஓடி வந்துட்டார். பாவம், அவனுக்குத் தெரிஞ்ச தமிழெல்லாம் சாமிகிட்ட பேசுற தமிழ். அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை தவறாம வந்து வாசல் பெஞ்சுல உட்காருவான். நான் பேசுறதைக் கேட்டுக் கேட்டு மனுஷங்ககிட்ட பேசுற தமிழும் வந்துச்சு. அவன் பேச்சுல பாதி கிரியோல்தான்; இங்கே நான் நேராக்கித்தான் சொல்றேன்.

அவனுக்கு யாரும் கிடையாது. பத்து வயசுல ஒரே வாரத்துல அப்பனும் ஆத்தாளும் ஜுரத்துல போயிட்டாங்க. அந்த ஊர்ல அப்போ ஜுரம்னா வேற பேச்சே இல்லை, கொசு மாதிரியே அதுவும் வீட்டுக்கு வீடு. தோட்டத்து வெள்ளைக்காரங்க, சக்கரை ஆலைக்குப் பக்கத்துல டென்னிஸ் க்ளப் ஒண்ணு வச்சிருந்தாங்க. அங்கே புல்வெட்டுற வேலை கிடைச்சுது. பின்னாடி சாமான் போடுற, தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை, அதுதான் அவனுக்கு வீடு.

மட்டை கட்ட அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கலை. டென்னிஸ் மட்டையில பின்னியிருக்கிற நரம்பு அறுந்தா அப்போ போர்ட் லூயி பட்டணத்துக்கு அனுப்பணும், திரும்பி வர மூணு வாரம் ஆகும். ஒரு தடவை உடைஞ்ச மட்டை ஒண்ணைக் குப்பையில போட்டாங்க. அதை இவன் எடுத்துட்டு வந்து, ஒவ்வொரு இழையா அவுத்து, எந்த ஓட்டைக்கு அப்புறம் எந்த ஓட்டைன்னு என் கடைப் பழுப்புத் தாள்ல படம் போட்டு நம்பர் குறிச்சுக்கிட்டான். மறுபடி கோத்தான். மறுபடி அவுத்தான். இருபது தடவை. அப்புறம் அந்த மரச் சட்டத்தையே பிளந்து பார்த்துட்டு ஓடி வந்தான்.

"அக்கா, இது ஒரே மரம் இல்லை! அஞ்சு பட்டை, வச்சிரம் போட்டு ஒட்டியிருக்கான். ஒரே மரத்தை வளைச்சா அது நிமிரத்தான் பார்க்கும். அஞ்சு பட்டையா வளைச்சு ஒட்டினா ஒண்ணை ஒண்ணு விடாது."

"சரிடா, அதுக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குறே?"ன்னேன். அவனுக்கு அது புதையல் எடுத்த மாதிரி.

முதல் மட்டையை அவன் கட்டிக் கொடுத்தப்போ க்ளப்புச் செயலாளர் முசியே பெர்னார் நம்பவே இல்லையாம். வாங்கி அடிச்சுப் பார்த்துட்டு, "இனிமே நீ புல் வெட்ட வேண்டாம்"னுட்டார். அன்னையில இருந்து அதுதான் வேலை. நான் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். நரம்பை ஒரு மரக் குச்சியில சுத்தி, காலை உதைச்சு இழுப்பான். இழுத்தது தளராம இருக்க ஓட்டையில குத்தூசியைச் செருகி வைப்பான். அப்புறம் காதைக் கிட்ட வச்சு விரலால தட்டுவான். சத்தம் சரியில்லைன்னா மறுபடி அவுக்கணும். மேலேயிருந்து கீழே போற இழையை முதல்ல கட்டணுமாம். கட்டின உடனே சட்டம் குட்டையா நசுங்கும். குறுக்கு இழை போட்டாத்தான் அது பழைய உருவத்துக்கு வரும். அதனால ஆரம்பிச்சா ஒரே மூச்சுல முடிச்சாகணும். பாதியில எழுந்து போனா சட்டம் கோணிக்கும். நான் கொண்டு போன இட்லி பக்கத்துல ஆறிக் கிடந்துச்சு, திரும்பிக் கூடப் பார்க்கலை.

முப்பத்தேழுல தோட்டத்துக் கலவரம் வந்தப்போ கரும்பு வெட்டுற ஆளுங்கல்லாம் கத்தியைக் கீழே போட்டுட்டு ரோட்டுல நின்னாங்க. சின்னன் கொட்டகையில உட்கார்ந்து நரம்பு இழுத்துக்கிட்டிருந்தான். வெள்ளைக்காரன் பக்கம்னு எல்லாம் ஒண்ணுமில்லை, கூப்பிட ஆளில்லை, கூப்பிட்டிருந்தா போயிருப்பான். ஆனா அதுலேயே பாதிப் பேருக்கு அவனைப் பிடிக்காம போச்சு. கல்யாண வீடு, கருமாதி வீடு எதுக்கும் சொல்லி அனுப்ப மாட்டாங்க. வாரம் பூரா மரத்தோடயும் நரம்போடயும்தான் பேச்சு. ஞாயித்துக்கிழமை மட்டும் என் கடை.

அங்கேதான் தெய்வானையைப் பார்த்தான். ஊர்க் கோடியில, கரும்புக் கொல்லை ஓரமா முனீஸ்வரன் கோயில் இருக்கு. அதை நடத்துற பொன்னுசாமியோட ஒரே பொண்ணு. எங்கிட்ட ரவிக்கை தைக்கக் கத்துக்க வந்தா. துடுக்கான பொண்ணு. ஒரு நாள் அவனைப் பார்த்து, "எப்பப் பாரு விரல்ல என்னத்தையாவது சுத்திக்கிட்டே இருக்கீங்களே, அவிழ்ந்து விழுந்துடுவீங்களா?"ன்னா. இவன் காது மடல் வரைக்கும் சிவந்து போச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை எண்ணெய் வச்சுத் தலையை வழிச்சு வாரிக்கிட்டு வந்து உட்கார்ந்தான். எனக்குப் புரியாதா?

நானே போய்ப் பொன்னுசாமிகிட்ட பேசினேன். மனுஷர் ரொம்ப நேரம் மீசையைத் தடவிக்கிட்டிருந்துட்டு, "அம்மா, எங்கப்பா கரும்பு வெட்டினார், நானும் வெட்டினேன். எம் பொண்ணு கரும்பு வெட்டுறவன் வீட்டுக்குப் போகக் கூடாது. பையன் க்ளப்பு வேலையில நிலையா நிப்பான்னா எனக்குச் சம்மதம்"னார். நாப்பத்து மூணாம் வருஷம் வைகாசியில கல்யாணம்னு பேசி, தாம்பூலம் மாத்தியாச்சு. சின்னனுக்குக் கால் தரையில பாவலை. கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடிச்சான். ஒரு சமையல் மேடை போட்டான். ஒரு தட்டு இருந்த இடத்துல ரெண்டு தட்டு வாங்கி வச்சான். அதைக் கழுவிக் கழுவி வைப்பானாம், சாப்பிட ஆள் வர்றதுக்கு ஆறு மாசம் இருக்கும்போதே!

அப்போ பெரிய சண்டை நடந்துக்கிட்டிருந்த நேரம். கப்பல் இல்லை. ப்ரான்ஸ்ல இருந்து தகர டப்பாவுல சுருளா வர்ற குடல் நரம்பு நின்னு போச்சு. இருந்ததெல்லாம் தீர்ந்துச்சு. நாப்பத்து ரெண்டு முடியப் போற சமயம் பெர்னார் கூப்பிட்டுச் சொன்னாராம், "ஜனவரில படை அதிகாரிங்களோட ஆட்டம் வச்சிருக்கோம். ஏழு மட்டை வேணும். கட்டிக் கொடுத்தா இரு, இல்லாட்டி கொல்லைக்குக் களை பறிக்கப் போ. நரம்பே இல்லாத க்ளப்புக்கு நரம்பு கட்டுறவன் எதுக்கு?"

கொல்லைக்குப் போனா கல்யாணம் போச்சு. அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆட்டுக் குடல்லதான் நரம்பு செய்யறாங்கன்னு அவனுக்குத் தெரியும். ஒரு மட்டைக்கு மூணு ஆட்டுக் குடலாவது வேணும். கசாப்புக் கடையில வாரத்துக்கு ரெண்டு ஆடு வெட்டினா பெரிசு, அதுலயும் குடலுக்கு முந்தின நாளே ஆள் சொல்லி வச்சிருப்பாங்க. இருபத்தோரு ஆட்டுக்கு எங்கே போவான்?

கரும்பு வெட்டு முடிஞ்ச கையோட முனீஸ்வரனுக்குக் கிடா வெட்டுவாங்க இங்கே. அந்த வருஷம் வேண்டுதல் அதிகம், இருபத்தோரு கிடா. சாமியைச் சுத்தி சுண்ணாம்புக் கோடு ஒண்ணு போட்டிருக்கும். வெட்டினது, ஆக்கினது, தின்னது எல்லாம் அந்தக் கோட்டுக்குள்ளேதான். மிச்சம் மீதி, எலும்பு, குடல், எல்லாத்தையும் பொழுது சாயறதுக்குள்ள அங்கேயே குழி தோண்டிப் புதைச்சிடணும். ஒரு பருக்கை வெளியே போகக் கூடாது. குடல் கழுவுற வேலைக்கு யாரும் முன்னால வர மாட்டாங்க. சின்னன் வந்தான். "மருமகப் பிள்ளை எவ்வளவு பணிவா இருக்கான் பாரு"ன்னு பொன்னுசாமிக்குப் பூரிப்பு. குழியில வெறும் சாணியும் சவ்வும்தான் போச்சு. குடல் ரெண்டு கோணிப் பையில கொட்டகைக்குப் போச்சு.

எங்கிட்ட அவன் அப்போ சொல்லலை. சொல்லியிருந்தா செவிட்டுல ஒண்ணு விட்டிருப்பேன்.

அதுக்கப்புறம் அவன் பட்ட பாடு இருக்கே! சாம்பல் தண்ணியில ஊறப் போட்டு, மூங்கில் பத்தையால வழிச்சு, நீளமா கிழிச்சு, ஈரத்தோட முறுக்கி, ரெண்டு கம்பத்துக்கு நடுவுல இழுத்துக் கட்டிக் காய வச்சான். பக்கத்துல காக்கா கூட வரலை, அவ்வளவு நாத்தம். காய்ஞ்சதும் நரம்பு தடிமனா இருந்துச்சு, பழைய ஓட்டையில நுழையலை. எல்லா ஓட்டையையும் பெரிசு பண்ணினா சட்டம் விரிசல் விடும். யோசிச்சான். ஒண்ணு விட்டு ஒரு ஓட்டையை மட்டும் பெரிசு பண்ணி, இழைக்கு இழை இடம் விட்டுக் கட்டினா என்னன்னு ஆறு மட்டையை அப்படியே மாத்திக் கட்டினான். ஏழாவதுக்குச் சட்டமே இல்லை. காட்டுக் கொய்யாக் கம்பைப் பட்டை பட்டையா சீவி, ஆலை ஓடிக்கிட்டிருந்தப்பவே ஆவிக் குழாய் ஒழுகுற இடத்துல காட்டி வளைச்சு வச்சிருந்தான். அதை ஒட்டி, மண்டையில ஒரு பட்டை அதிகமா வச்சு, தானே ஓட்டை போட்டு ஒரு புது மட்டை பண்ணினான். கையில எடுத்தா அவ்வளவு லேசு. ஆலை எஞ்சினியர் மக ஊகெட், நல்லா ஆடுற பொண்ணு, அதை வாங்கினவ கீழே வைக்கவே இல்லையாம்.

ஜனவரி ஆட்டம் நடந்துச்சு. பெர்னார் தோளைத் தட்டினார். வேலை நிலைச்சுது. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுன்னுதான் நானும் நெனச்சேன்.

தைப்பூசம் முடிஞ்ச ரெண்டு வாரத்துல பொன்னுசாமி மாப்பிள்ளை இருக்கிற இடத்தைப் பார்க்கலாம்னு கொட்டகைக்குப் போனார். சுண்ணாம்பு அடிச்ச சுவரைப் பார்த்தார், ரெண்டு தட்டைப் பார்த்தார். சந்தோஷம். கம்பத்துல மிச்ச நரம்பு தொங்கிக்கிட்டிருந்துச்சு.

"கப்பல்தான் இல்லையே தம்பி, இது ஏது?"

இந்த மடையன் என்ன சொல்லியிருக்கணும்? சந்தையில வாங்கினேன்னு சொல்லக் கூடாதா? முகமெல்லாம் பல்லா, "நம்ம முனீஸ்வரன் கிடாதான் மாமா! ஏழு மட்டையும் அதுல கட்டினதுதான். ஒண்ணு கூட அறுந்து போகலை, பாருங்களேன்!"னு சொல்லியிருக்கான். பெருமையா! வெள்ளைக்காரன் கையில நம்ம சாமி உட்கார்ந்திருக்குன்னு மாமா மெச்சிக்குவாருன்னு நெனச்சானாம். கடைக்கு வந்து என்கிட்ட அதைச் சொல்லும்போதும் அவனுக்குத் தான் பண்ணின தப்பு பாதிதான் புரிஞ்சிருந்துச்சு. "மாமா டீ குடிக்காம போயிட்டாரு அக்கா"ன்னான்.

பொன்னுசாமி கெட்டவர் இல்லை, பயந்தவர். மறைச்சு வச்சு, நாளைக்கு ஊர்ல ஒரு குழந்தைக்கு ஜுரம் வந்தா அத்தனை பேரும் அவர் வாசல்ல வந்து நிப்பாங்க. அதனால கோயில்ல நாலு பேரை வச்சுக்கிட்டே சொன்னார்: "கோட்டுக்குள்ள வந்தது கோட்டுக்குள்ளேயே போகணும். ஏழு மட்டை நரம்பும் திரும்பி வந்து குழியில விழட்டும். வைகாசியில கல்யாணம். ஒரு முழம் வெளியே இருந்தாலும் எம் பொண்ணு அந்த வீட்டு வாசப்படி மிதிக்காது."

சின்னன் யோசிக்கவே இல்லை. மறுநாள் காலையில ஆறு மட்டையையும் எடுத்து வச்சுக்கிட்டுக் கத்தியால நரம்பை அறுத்துட்டான். அது சனிக்கிழமை, மத்தியானம் ஆட்டம். பெர்னார் வந்து பார்த்தப்போ ஆறும் வெறும் சட்டமா தொங்குது. கன்னத்துல விட்டாராம் ஒரு அறை. அதுக்கப்புறமும் துரத்தலை, துரத்தினா கட்ட யாரு இருக்கா? சந்தைக் குடல் வாரத்துக்கு ஒண்ணு ரெண்டா வாங்கியாவது மறுபடி கட்டிக் கொடுன்னு திட்டிட்டுப் போயிட்டார். அதனால வேலை தப்பிச்சுது.

ஏழாவது மட்டை ஊகெட் வீட்டுல. ஓடினான். அவ ஒரு இங்கிலீஷ் அதிகாரியைக் கட்டிக்கிட்டு அந்த வாரமே தென்னாப்பிரிக்காவுல இருக்கிற டர்பனுக்குப் போறா, படைக் கப்பல்ல இடம் கிடைச்சிருக்கு, பெட்டியெல்லாம் காலையிலேயே போர்ட் லூயிக்குப் போயிடுச்சு, மட்டையும் பெட்டியோட போச்சுன்னு வேலைக்காரி பியெரெட் சொன்னாளாம். ரயிலேறிப் போனான். துறைமுகத்துல சிப்பாய் உள்ளே விடலை. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, ஒரு கப்பல் போறதைப் பார்த்துட்டு வந்தான். அதுதானா அந்தக் கப்பல்னு கூட அவனுக்குத் தெரியாது.

ஆறு மட்டை நரம்பும், மிச்சமிருந்த சுருளும் குழிக்குள்ள போச்சு. பொன்னுசாமி எண்ணிப் பார்த்துட்டு, "ஆறுதான் இருக்கு"ன்னார். அவ்வளவுதான்.

வைகாசி வந்துச்சு, போச்சு. அவன் டர்பனுக்கு ரெண்டு கடுதாசி எழுதச் சொல்லி எங்க வீட்டுக்காரரைப் பிடிச்சான், பிரெஞ்சுல. பதில் இல்லை. சண்டைக் காலத்துல கடுதாசி எங்கே போச்சோ. ஊர்ல யாரும் அவன் கையால தண்ணி வாங்க மாட்டாங்க. கோயில் பக்கம் போனா பொம்பளைங்க புடவையை இழுத்துக்கிட்டு ஒதுங்குவாங்க. ஒரு மாசம் அவன் என்னோட மட்டும்தான் பேசினான்னா பார்த்துக்குங்க. எனக்கு வந்த கோவத்துல, "அடே மக்கு! கசாப்புக் கடையில மூணு குடல் வாங்கி, முறுக்கி, ஏழாவதுன்னு கொண்டு போய்ப் போடேன்! எந்தக் குடல்ல பேர் எழுதியிருக்கு?"ன்னு கத்தினேன். அவன் தலையை ஆட்டிட்டு எழுந்து போயிட்டான்.

நான் கத்தினதை உள்ளே தையல் மிஷின்ல உட்கார்ந்து தெய்வானை கேட்டுக்கிட்டிருந்தா.

மறுநாள் வந்து, "அக்கா, அவரு எப்படி முறுக்குவாரு? நீங்க பார்த்திருக்கீங்கல்ல?"ன்னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அவ விளையாடலை. ஆறு வாரம், ரவிக்கை தைக்கிறேன்னு அப்பன்கிட்ட சொல்லிட்டு வந்து, என் வீட்டுக் கொல்லையில உட்கார்ந்து குடல் வழிச்சா. கசாப்புக்காரன்கிட்ட ஒவ்வொண்ணா வாங்கிட்டு வந்தது நான். சாம்பல் தண்ணியில அவ விரல் நகமெல்லாம் வெடிச்சுப் போச்சு. முதல் ரெண்டும் முறுக்கும்போது அறுந்துச்சு, மறுபடி வாங்கினோம். எங்க வீட்டுக்காரர் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு, "உங்க ரெண்டு பேருக்கும் புத்தி பிசகிப் போச்சா?"ன்னார். அவ நிமிர்ந்து பார்க்காம, "கொஞ்ச நாள் பொறுத்துக்குங்க அண்ணா"ன்னா. கோயில்காரன் பொண்ணு! சாமிக்கே பொய் சொல்றதுக்குத் தன் கையாலேயே நரம்பு திரிச்சா. அவ தைரியத்தைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துடுச்சு.

சுருளை ஒரு துணியில சுத்தி, மத்தியான வெயில்ல நானே கொட்டகைக்குக் கொண்டு போனேன். "டர்பன்ல இருந்து வந்துச்சுன்னு சொல்லி நாளைக்கே போய்ப் போடு. தெய்வானை திரிச்சது. அவளே சொல்லச் சொன்னா"ன்னேன்.

அவன் துணியைப் பிரிச்சான். நரம்பை விரலால நீவிக்கிட்டே போனான், ஒரு முனையில இருந்து மறு முனை வரைக்கும். நடுவுல ஒரு இடத்துல முடிச்சு போல இருந்துச்சு, அங்கே விரல் நின்னுச்சு. "இங்கே அவளுக்குக் கை வலிச்சிருக்கு"ன்னான். கண்ணுல தண்ணி வழியுது, சிரிக்கிறான். எனக்கு உசிர் வந்துச்சு. சரி, கல்யாணம்தான்னு நெனச்சேன்.

அப்புறம் அதை மறுபடி துணியில சுத்தி என் மடியில வச்சான்.

"முனீஸ்வரனை ஏமாத்திடலாம் அக்கா. மாமாவையும் ஏமாத்திடலாம். நாளைக்கு அவளுக்கு ஒரு ஜுரம் வந்தா? உச்சந்தலை சுட்டாலே நான் அந்த மட்டையைத்தான் நினைப்பேன். ஒவ்வொரு நாளும் அவ நெத்தியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கிட்டே என்னால இருக்க முடியாது. எங்க வீட்டுல ஒரு வாரத்துல ரெண்டு பேரைத் தூக்கிட்டுப் போனது எனக்குத் தெரியும்."

"போடா பைத்தியக்காரா"ன்னு திட்டினேன், கெஞ்சினேன். அசையலை. நிஜமான ஏழாவது வரட்டும், காத்திருக்கேன்னான்.

நான் திரும்பி வந்து சொன்னப்போ தெய்வானை மிஷினை நிறுத்தினா. அப்புறம், "ஜுரம் வந்தா ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல படுத்துக்கலாம்னு நான் நெனச்சேன் அக்கா"ன்னா. அந்தச் சுருளை வாங்கி அடுப்புல போட்டா. அதுக்கப்புறம் தைக்க வரலை.

நாப்பத்து நாலு ஆவணியில அவளை பெல் ஒம்ப்ர் தோட்டத்துல ஒரு சர்தாருக்கு, அதான் கங்காணிக்கு, கொடுத்தாங்க. ரெண்டாம் தாரம். கல்யாணத்துக்கு என் கடையிலதான் துணி எடுத்தாங்க. சின்னன் அந்த மாசம் மூணு மரச் சட்டம் பண்ணினான், ஒண்ணும் கோணலில்லாம. பெர்னார் கூட அதிசயப்பட்டாராம். எங்கிட்ட அவளைப் பத்தி ஒரு வார்த்தை கேட்கலை. ஞாயித்துக்கிழமை வருவான், உட்காருவான், நான் பேசுவேன், அவன் கேட்டுக்குவான்.

நாப்பத்தாறு மாசியில சேதி வந்துச்சு. தெற்குப் பக்கம் பூரா அந்த வருஷம் ஜுரம். தெய்வானை நாலே நாள்ல போயிட்டா. குழந்தை இல்லை. சர்தார் நல்ல மனுஷன்தான், டாக்டரெல்லாம் வந்து பார்த்திருக்காங்க. சுயாக் டவுன் வரைக்கும் போய் மருந்து வாங்கிட்டு வந்தாங்களாம். பொன்னுசாமி போய் எல்லாத்தையும் முடிச்சுட்டு வந்தார்.

மறுநாள் சின்னன் கடைக்கு வந்தான். ஞாயித்துக்கிழமை கூட இல்லை. பெஞ்சுல உட்காரலை, நின்னான்.

"அக்கா, அவ வாக்கப்பட்ட வீட்டுல ஒரு குத்தமும் கிடையாதே. அந்த நரம்பு ஒரு முழம் கூட அங்கே இல்லையே. அப்புறம் ஏன்?"

எனக்கு அவ்வளவு கோவம். பொன்னுசாமி மேல, அந்த எண்ணிப் பார்த்த எண்ணிக்கை மேல, டர்பன் மேல, கொசு மேல, எல்லாத்து மேலயும். எதிர்ல நின்னவன் இவன். வாயில வந்துடுச்சு.

"ஜுரம் எப்படியும் வந்திருக்கும்டா! நீ அன்னைக்கு அவ திரிச்சதைக் கொண்டு போய்ப் போட்டிருந்தா, மூணு வருஷம் உன்கூட வாழ்ந்துட்டு, உன் மடியில தலை வச்சு, உன் கையால தண்ணி குடிச்சுட்டுச் செத்திருப்பா. யாரோ ஒருத்தன் வீட்டுல செத்திருக்க மாட்டா. அதைத்தான்டா நீ அவளுக்குக் கொடுக்கலை!"

அவன் முகத்துல ஒண்ணும் மாறலை. மெதுவா துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டான். "வரேன் அக்கா"ன்னான். படியிறங்கிப் போனான்.

வரலை. இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு. நான் சொல்லித்தான் அவனுக்கு அது உறைச்சுதா, இல்லை, அவன் மனசுல ஏற்கெனவே அதுதான் ஓடிக்கிட்டிருந்துச்சா, எனக்குத் தெரியலை. யாராவது ஒருத்தர் "உன் தப்பு இல்லை"ன்னு சொல்லுவாங்கன்னு நம்பி வந்திருக்கான். அதைச் சொல்ல அவனுக்கு இந்த ஊர்ல நான் ஒருத்திதான் இருந்தேன். அது இப்போ புரிஞ்சு என்ன பண்றது?

போன மாசம் சுதந்திரம் வந்துச்சு. தெருவெல்லாம் நாலு வர்ணக் கொடி. வெள்ளைக்காரங்க பலபேர் வீட்டை வித்துட்டுக் கிளம்பிட்டாங்க, க்ளப்புல ஆட நாலு பேர் இருந்தா பெரிசு. சின்னன் இன்னும் அந்தக் கொட்டகையிலதான் இருக்கான், அம்பது தாண்டியாச்சு. பஸ்ஸுல போகும்போது ஜன்னல் வழியா தெரியும். தலை வெளுத்து, மடியில ஒரு சட்டத்தை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பான். என்னைப் பார்த்தா லேசா தலையை அசைப்பான், நானும் அசைப்பேன். இறங்கிப் போய் ரெண்டு வார்த்தை பேசணும்னு ஒவ்வொரு தடவையும் நினைக்கிறேன். போனா முதல்ல என்ன சொல்றதுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியலை.